இரண்டாவதாக வந்தவர்

முன்னேர் போன சாலில் பின்னேர் போவது எளிது என்பது உழவர் வழக்கு. ஆனால், பின்னேர் இறங்கிய வயல் வேறாகவும், அங்கும் நிலம் கல்லாகவே கிடந்ததாகவும் இருந்தால், அதனை முதன்முதலாக உழுதவன் அவனேயன்றோ? ஆயினும், ஊரார் நாவில் முன்னேர் பிடித்தவனின் பெயர் மாத்திரமே நிலைத்துவிடுகின்றது. அமெரிக்க மக்களின் பெருவிளையாட்டாகிய பேஸ்போலின் வரலாற்றிலே இக்கதியை அடைந்தவர் லரி டோபி என்னும் வீரர்.

அமெரிக்காவின் உயர்தரப் பேஸ்போல் அணிகள் ‘தேசிய லீக்’, ‘அமெரிக்க லீக்’ என இரு பெரும் பிரிவுகளாக இயங்கி வருவன. ஏறக்குறைய அறுபது ஆண்டுகளாக இவ்விரண்டிலும் கறுப்பினத்தவருக்கு இடமிருக்கவில்லை. அது எந்த ஏட்டிலும் எழுதப்படாத சட்டம். ஆனால் எழுதிய சட்டத்திலும் கடுமையாகக் காக்கப்பட்டது. கறுப்பின வீரர்கள் தமக்கெனத் தனியே ‘நீக்ரோ லீக்’ அணிகளை அமைத்து ஆடி வந்தனர். 1947ஆம் ஆண்டு ஏப்பிரல் 15ஆம் திகதி புரூக்லின் டொட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கிய ஜாக்கி ரொபின்சன் அத்தடையை உடைத்தார். அவர் ஆடியது தேசிய லீக்கிலே. அவர் புகழை உலகம் அறியும்.

அதன்பின் பன்னிரண்டு வாரங்கள் நிறைவதற்குள், அதே ஆண்டு ஜூலை 5ஆம் திகதி, அமெரிக்க லீக்கின் வாயிலை டோபி திறந்தார். தென் கரோலினா மாநிலத்திற் பிறந்து, நியூ ஜேர்சியிலுள்ள பற்றர்சன் நகரில் வளர்ந்த அவருக்கு அப்பொழுது வயது 23. உலகப் போரின்போது கடற்படையிற் பணிபுரிந்தவர். 1946இல் நீக்ரோ லீக் வாகை சூடிய நூவர்க் ஈகிள்ஸ் அணியின் தூண்களுள் ஒருவர். கிளீவ்லண்ட் அணியின் உரிமையாளர் பில் வீக், அவ்வணிக்கு 15,000 டொலர் விலை பேசி அவரைத் தம் அணிக்குப் பெற்றுக்கொண்டார்.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ரொபின்சன் டொட்ஜர்ஸுக்கு வருமுன், மொன்றியலிலிருந்த கீழ்ப்படி அணியொன்றில் ஓராண்டு ஆடிப் பழகினார். டோபிக்கு அத்தகைய அவகாசம் ஒரு நாளேனும் கிட்டவில்லை. ஜூலை 4இல் நூவர்க்குக்காக ஆடியவர், மறுநாள் சிக்காகோவிலே கிளீவ்லண்ட் அணியின் உடையில் நின்றார். அணித்தலைவர் லூ பூட்ரோ அவரைச் சக வீரர்களுக்கு அறிமுகஞ் செய்தபோது, சிலர் கை கொடுக்க மறுத்தனர். ஜோ கோர்டன் என்னும் மூத்த வீரர் முன்வந்து அவரோடு பந்தெறிந்து பழகினார். அன்று மட்டையேந்திய டோபி அடிக்க இயலாது ஆட்டமிழந்தார். அவ்வாண்டு முழுவதும் அவருக்கு வாய்த்தவை 32 அடிகளே. அவற்றுள் வெற்றியளித்தவை ஐந்து. ‘இவரால் இயலாது’ என்று சொல்லக் காத்திருந்தோருக்கு இது போதுமானதாயிருந்தது.

தேசிய லீக் அணிகளும் அமெரிக்க லீக் அணிகளும் பருவகால ஆட்டங்களில் ஒன்றையொன்று சந்திப்பதில்லை என்பதே அக்கால முறை. ஆகையால், டெற்றோயிற், வாஷிங்டன் முதலிய நகரங்களின் மைதானங்களில் எழுந்த வசைமொழிகளை முதன்முதல் தாங்கியவர் டோபியே. பயணங்களின்போது அணியினர் தங்கிய ஹோட்டல்கள் பலவற்றில் அவருக்கு இடமில்லை. வென்ற நாளிலும் தோற்ற நாளிலும் அவர் தனியாகவே உறங்கச் சென்றார்.

ஆயினும் அவர் மனந்தளரவில்லை. இரண்டாவது தளத்தருகே ஆடிப் பழகியவர், முன்னாட் பெருவீரர் ட்ரிஸ் ஸ்பீக்கரிடம் பாடங்கேட்டு, தொலைவிலே நின்று பந்தைப் பிடிக்கும் வெளிக்கள வீரராகத் தம்மை மாற்றிக்கொண்டார். மறு ஆண்டே பலன் விளைந்தது. 1948 ஒக்டோபர் 9இல், உலகத் தொடரின் நான்காம் ஆட்டத்தை 81,897 பேர் திரண்டிருந்து பார்த்தனர். டோபி அடித்த பந்து வேலியைத் தாண்டிற்று. ‘ஹோம் ரன்’ எனப்படும் அவ்வடி கிரிக்கெட்டின் ஆறு ஓட்ட அடியை ஒத்தது. கிளீவ்லண்ட் 2–1 என வென்றது. ஆட்டம் முடிந்தபின், அன்று பந்தெறிந்த வெள்ளையரான ஸ்டீவ் குரோமெக், டோபியைக் கட்டித் தழுவிக் கன்னத்தோடு கன்னம் சேர்த்துச் சிரித்தார். அப்படம் நாடெங்கும் பத்திரிகைகளில் வெளிவந்தது. தாம் அடித்த அடியிலும் அப்படமே தமக்குப் பெருமகிழ்வளித்தது எனப் பின்னாளில் டோபி கூறினார். ஓராண்டின் முன் நீட்டிய கைக்கு மறுகை கிடையாது நின்றவரன்றோ அவர்! அத்தொடரைக் கிளீவ்லண்ட் கைப்பற்றியது. முக்கால் நூற்றாண்டு கடந்தும் அவ்வணி அவ்வெற்றியை மீண்டும் கண்டதில்லை.

1952இலும் 1954இலும் 32 ஹோம் ரன் வீதம் அடித்து அமெரிக்க லீக்கில் அவர் முதலிடம் பெற்றார். 1954இல் அவரது அணி 111 ஆட்டங்களில் வென்றது. ஆயினும், அவ்வாண்டின் தலைசிறந்த வீரர் விருது யோகி பெராவுக்குச் சென்றது, டோபி இரண்டாமவரானார். 1978இல் சிக்காகோ வைற் சொக்ஸ் அணியின் முகாமையாளரானார். அப்பதவியை வகித்த கறுப்பினத்தவருள்ளும் அவர் இரண்டாமவரே. முதலாமவர் 1975இற் பதவியேற்ற பிராங்க் ரொபின்சன். இரு முறையும் அவருக்கு முன் சென்றவரின் பெயர் ரொபின்சன் என அமைந்தமை விதியின் விளையாட்டுப் போலும்!

ஜாக்கி ரொபின்சன் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றது 1962இல். டோபிக்கு அவ்விடம் 1998இலேயே கிடைத்தது. இடையே 36 ஆண்டுகள். 2003இல் அவர் காலமானார். அமெரிக்கக் காங்கிரஸின் தங்கப் பதக்கம் 2023 டிசெம்பர் 13இல், அவரது நூறாவது பிறந்தநாளன்று, குடும்பத்தாரிடம் கையளிக்கப்பட்டது.

ரொபின்சனின் பெருமை சிறிதும் குறையத் தக்கதன்று. டோபியும் அவரை மதித்தே வாழ்ந்தார். குறை நம் நினைவினிடத்தேயுள்ளது. வகுப்பிலாயினும் மைதானத்திலாயினும், முதலாவதாக வந்தவர் யார் என்று கேட்டறிவதோடு நாம் நின்றுவிடுகிறோம். இரண்டாவதாக வந்தவர் எந்த வழியால் வந்தார் என்றும் கேட்டுப் பார்ப்போமாக. அதே வழியில் அதே முட்கள் கிடந்தன என்பதும், அவரும் வெறுங்காலோடுதான் நடந்தார் என்பதும் அப்பொழுது புலப்படும்.