அடுப்பும் மேற்கு அறையும்

அயர்லாந்தின் மேற்குக் கரையோரக் கூரைவீடுகளில் எல்லாமே நடந்தது அடுப்பைச் சுற்றித்தான். சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்திய பீட் கட்டிகளே எரிபொருள். இரவில் கனலைச் சாம்பலால் மூடுவார்கள். விடிந்ததும் கிளறினால் அதே நெருப்பு.

அடுப்புச் சுவருக்குப் பின்னால் மேற்கு அறை. மருமகள் வந்ததும் பெரியவர்கள் இங்கே ஒதுங்கிக்கொள்வது அன்றைய வழக்கம். வீட்டின் கதகதப்பான இடங்களில் ஒன்று, அவர்களுக்கு நட்டமில்லை!

பிள்ளை அமெரிக்காவுக்குக் கிளம்பும் முந்தைய இரவில், இழவு வீட்டைப்போல ஊரே அந்த வீட்டு அடுப்பைச் சுற்றி விழித்திருக்கும். ஆட்டமும் உண்டு, அழுகையும் உண்டு. திரும்பி வந்தவர்கள் குறைவு.

இத்தகைய பழைய வாழ்க்கையைப் பற்றி 1937 முதல் 1939 வரை அயர்லாந்தின் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் கேட்டு எழுதிய கதைகள் டப்ளினில் தேசிய நாட்டார் வழக்காற்றுத் தொகுப்பில் உள்ளன.