உஷார்! ‘ஆண்டவன் இன்னும் கூப்பிடலையே’ என்கிறாரா பெரியவர்?

ஆஸ்பத்திரி வார்டில் அடிக்கடி காதில் விழுகிற புலம்பல் இது. சர்க்கரை, கிட்னி, இதயம் என்று வருடக்கணக்கில் மாத்திரை விழுங்கி அலுத்துப்போனவர்கள் சொல்வார்கள். ‘வயசாச்சு, பற்று விட்டுப்போச்சு’ என்று வீட்டாரும் தலையாட்டிவிடுகிறோம். அங்கேதான் ஆபத்து! பிடித்த காபி வேண்டாம், பேரன் வந்தாலும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கை, தினமும் சொல்லும் சஷ்டி கவசமும் நின்றுபோய் இரண்டு வாரம் ஆகிறது என்றால், அது பக்குவம் இல்லை, மனச்சோர்வாக இருக்கலாம். சிகிச்சையில் குணமாகக்கூடிய நோய். ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் அவர் சொன்னதை அப்படியே சொல்லுங்கள்.

‘செத்துப்போன அக்கா கட்டிலோரம் நிக்கிறா’ என்று திடீரெனச் சொன்னால் மந்திரிக்க ஆள் தேடாதீர்கள். சோடியம் குறைந்தாலும், சிறுநீரில் கிருமித் தொற்று இருந்தாலும் முதியவர்களுக்கு ஒரே நாளில் புத்தி தடுமாறும். உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

ஆறுதல் சொல்ல வருகிறவர்களிடமும் ஒரு கண் இருக்கட்டும். ‘போன ஜென்மத்துப் பாவம்’ என்று நோயாளியின் முகத்துக்கு நேரே சொல்ல எப்படித்தான் மனசு வருகிறதோ! ‘நம்பிக்கை இருந்தா மாத்திரை எதுக்கு?’ என்பவர் இன்னும் மோசம். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே சில வாரங்கள் ஆகும்; அதற்குள் இவர் பேச்சைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். பக்தியின் பெயரில் செய்வதிலும் கவனம் வேண்டும். டயாலிசிஸில் இருப்பவருக்குப் பிரசாதம் என்று இளநீர் கொடுத்தால் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். இன்சுலின் போட்டுக்கொண்டு விரதம் இருந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம். ஆக்சிஜன் ஓடும் கட்டிலருகே கற்பூரம்? நினைத்தாலே பகீரென்கிறது.

சாமியை வார்டுக்கு வெளியே நிறுத்தச் சொல்லவில்லை. ‘என்ன செஞ்சா உங்க மனசு லேசாகும்?’ என்று அவரையே கேளுங்கள். ஒருவருக்கு நெற்றியில் திருநீறு, ஒருவருக்குக் குர்ஆன் ஓதக் கேட்பது, ஒருவருக்குப் பாதிரியார். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இதற்கென்றே சாப்ளின்கள் (நோயாளிகளுக்கு ஆன்மிக ஆறுதல் தருபவர்கள்) இருக்கிறார்கள். சாமி நம்பிக்கை இல்லாதவர் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பேச்சைக் கேளுங்கள், பிரசங்கம் வேண்டாம்.

‘செத்தா தேவலை’ என்கிறாரா, தலையணைக்கடியில் மாத்திரை சேர்கிறதா? ஒரு நிமிடமும் தனியே விடாதீர்கள். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். வீட்டில் இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416-ஐ அழையுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.