சேனைத் தீயும் அனுமதிச் சீட்டும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலே, மாரி மழைக்கு முன் காடு வெட்டி, உலர்த்தி, எரித்துச் சேனை செய்வது பழைய வழக்கம். எரிந்த சாம்பலே உரம். அதிலே சோளனும் குரக்கனும் செழிக்கும். சில போகங்களின் பின் நிலத்தை ஆறவிட்டு வேறிடம் செல்வர்.

இத்தீக்கு யாரிடம் அனுமதி பெறுவது? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காட்டையும் தரிசையும், மாறாக நிறுவப்படும் வரை, முடிக்குரியவை என்றது. இப்பகுதிச் சேனைகளும் காடாகவே கருதப்பட்டன. பாட்டன் வெட்டிய இடத்திற்குப் பேரன் சீட்டுக் கேட்க நேர்ந்தது. 1907ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டம், ஒதுக்குக் காட்டிலே தீ மூட்டுவதைக் குற்றமாக்கியது. திருத்தங்களுடன் அது இன்றும் நிலவுகின்றது.

கட்டுப்பாடே வேண்டாமென்று நாம் கூறோம். கச்சான் காற்று வீசும் நாளில் ஒரு பொறி போதும். அயலவன் கிடுகுக் கூரையும் அடர்ந்த காடும் சாம்பலாகும். ஆறவிடும் காலம் குறுகினால் காடு மீண்டும் தளிர்க்காது.

ஆனால், கட்டணம் வேறு, காவல் வேறு. பணமில்லாதவன் சீட்டுக் கேளாமல், இரவிலே தனியே எரிக்கத் துணிவான். காவலின்றி எரியும் அத்தீயே பேராபத்து. கட்டணமின்றிக் கிராமத்திலேயே அனுமதி கிடைப்பின், அவன் நாளை முன்னறிவிப்பான். அயலவர் கூடி ஓரத்துச் சருகை அகற்றி, காற்றடங்கிய வேளையிலே நீர்க்குடங்களுடன் காத்து நிற்பர்.

அனுமதிச் சீட்டின் பயன் காட்டைக் காப்பதாயின், அதற்கு விலை வைப்பது தகுமோ? வாசகர் தம் வீட்டாருடன் சிந்திப்பாராக.