சுவரில் ஒரு ஊர் – 9: படத்தின் முதுகு

போன வாரம் கண்ணாடியோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் படத்தைச் சுவரிலிருந்து இறக்கிக் குப்புறப் போடுவோம்.

பரளச்சி, திருச்சுழி வட்டாரத்துப் பழைய வீடுகளில் பட்டாசாலைச் சுவரின் உச்சியில் நீளமாக ஒரு ரீப்பர் ஓடும். படங்களின் அடிப்பக்கம் அதன்மேல் உட்கார்ந்திருக்கும். தலைப்பக்கம் கயிற்றின் பிடியில் முன்னால் சாய்ந்து, கீழே நிற்கிறவர்களைக் குனிந்து பார்க்கும். கல்யாணப் படம், கொழும்புக்குப் போனவர் அங்கிருந்து எடுத்தனுப்பிய படம், காமராஜர், தேவர், முருகன், 1879-ல் திருச்சுழியில் பிறந்த ரமணர் எல்லோரும் ஒரே வரிசையில் இருப்பார்கள். ரமணர் என்றால் பெரும்பாலும் 1946-ல் வெல்லிங் என்ற புகைப்படக்காரர் எடுத்த அந்த மார்பளவுப் படம்தான்.

சாய்த்து மாட்டுவதால் படத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முக்கோண இடம் கிடைக்கிறது. சிட்டுக்குருவி அதில் புல்லும் நாரும் கொண்டுவந்து கூடு கட்டும். குளவி ஈரமண் உருட்டி வந்து அறை அறையாகப் பூசும். பல்லி முட்டையிடும். குருவி முட்டை வைத்துவிட்டால் குஞ்சு பறக்கும்வரை அந்தப் படத்தைத் துடைக்கக்கூடாது என்று சொல்லும் வீடுகள் உண்டு. சாய்மானத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அது தூசியைக் கண்ணாடியில் தங்க விடாது. மேல்பாதிக்குக் காற்றும் தரும். சிக்கல் அடிவிளிம்பில் இருக்கிறது. அது சுவரை ஒட்டி, மரத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது. கரையான் சுவர் வழியாக ஏறி ரீப்பருக்கு வந்து, அங்கிருந்து சட்டத்துக்கும் அட்டைக்கும் போய்ச் சேரும். முகத்தை அரிக்கும் வரைக்கும் வீட்டில் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அது முதுகிலிருந்து வருகிறது.

வானம் பார்த்த பூமியில் ஈரம் ஒரு பிரச்சினையா என்று கேட்கலாம். இங்கேதான் அது பெரிய பிரச்சினை. கரிசல் மண் கோடையில் வெடித்துப் பிளக்கும், மழையில் ஊறிப் பொதுமும். மேலே நிற்கிற சுவரும் அதோடு சேர்ந்து அசைந்து கீறல் விடும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த சுவர் ஐப்பசி, கார்த்திகை மழையை அந்தக் கீறல் வழியாகக் குடித்து, பல வாரங்களுக்கு மெல்ல மெல்ல வெளியே விடும். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சணம் பூக்கும். கறுப்பு வெள்ளைப் போட்டோவின் மேல்பூச்சு ஜெலட்டின். ஈரத்தில் அது பசையாக இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். மாசியில் காயும்போது ஒட்டியது ஒட்டியதுதான். அப்படி ஒட்டிய படத்தைத் தயவுசெய்து பிய்க்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் எடுத்து வைத்துவிட்டு, அப்படியே விட்டுவிடுவதுதான் நல்லது.

இனி, பின்பக்கத்தில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்போம். மிகப் பழைய சட்டங்களில் பாக்கிங் பெட்டியின் மெல்லிய பலகைகளை இரண்டு மூன்றாகச் சேர்த்து அடித்திருப்பார்கள். பலகை சேரும் இடத்தில் மயிரிழை இடைவெளி இருக்கும். பல வருஷம் கழித்துப் படத்தை எடுத்துப் பார்த்தால், அந்த இடைவெளி இருந்த இடத்தில் தாளின் குறுக்கே நேராக ஒரு பழுப்புக் கோடு விழுந்திருக்கும். பலகையில் கணு இருந்திருந்தால் அதுவும் வட்டக் கறையாகத் தாளில் பதிந்திருக்கும். மரம் தன்னிடமுள்ள அமிலத்தை மெதுவாக விட்டுக்கொண்டே இருக்கிறது. இடுக்கில் புகுந்த காற்று தன் பங்குக்குக் கறுக்க வைக்கிறது.

பலகைக்குப் பிறகு அட்டை வந்தது. வேட்டிப் பெட்டி அட்டை, நோட்டுப் புத்தக அட்டை, கூழட்டை என்று கையில் கிடைத்ததெல்லாம் உள்ளே போனது. மலிவான அட்டையில் லிக்னின் அப்படியே இருக்கிறது. வயதாக ஆக அமிலம் ஊறி, தொட்டுக்கொண்டிருக்கும் தாளையும் பழுப்பாக்கி நொறுக்கிவிடும். இப்போது எம்டிஎஃப் காலம்.

“அண்ணாச்சி, பின்னால என்ன போடுறீங்க?” என்று அருப்புக்கோட்டையில் பிரேம் போடுகிற ஒருவரைக் கேட்டேன்.

“மூணு எம்எம் எம்டிஎஃப்தான் தம்பி. வளையாது, வெட்டுறதுக்கும் லேசு. முன்னால கண்ணாடி பளிச்சுனு இருக்கான்னு கேப்பாங்க. பின்னால என்னன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல.”

அவர்மேல் தப்பில்லை. கேட்காத பொருளுக்கு யார் செலவு செய்வார்கள்? எம்டிஎஃப் பார்க்கத் திடமாக இருக்கும். ஆனால் மர நாரைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை ஃபார்மால்டிஹைடை விட்டுக்கொண்டிருக்கும். அது கறுப்பு வெள்ளைப் போட்டோவில் உருவத்தைத் தரும் வெள்ளிக்கு ஆகாது. தண்ணீர் பட்டாலும் உப்பிப் போகும்.

தஞ்சாவூர் ஓவியத்தில் இந்தக் கதை வேறு மாதிரி. அங்கே பின்பலகையைத் தனியாகச் சேர்ப்பதில்லை. பலாப்பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணத்தூளும் பசையும் குழைத்துப் பூசி, அதன்மேல்தான் படமே எழுந்திருக்கும். அதனால் பலகையைத் தேர்ந்தெடுப்பது ஓவியரின் வேலையாக இருந்தது. அச்சுப் படமும் போட்டோவும் வந்தபோது அந்தப் பொறுப்பு ஓவியரிடமிருந்து நழுவிக் கடைக்காரரிடம் போனது. கோவில்பட்டியில் இருந்து வரைந்த கொண்டையா ராஜுவின் (1898–1976) சாமி படங்கள் சிவகாசியில் காலண்டராக அச்சாகித் தென்மாவட்டமெங்கும் போயின. ஒரு வருஷம் தொங்கினால் போதும் என்று அச்சடித்த மெல்லிய தாள் அது. மக்கள் தேதிக் கட்டைக் கிழித்துவிட்டுப் படத்தைச் சட்டம் போட்டுத் தலைமுறைக்கும் வைத்துக்கொண்டார்கள். அந்தத் தாளுக்குப் பின்னால் என்ன அட்டை போனது என்பதுதான் அதன் ஆயுளை முடிவு செய்தது.

சரி, எப்படிச் செய்யலாம்? படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஜன்னல் வெட்டிய மவுண்ட் அட்டை ஒன்று கட்டாயம். அது இருந்தால் ஜெலட்டின் கண்ணாடியைத் தொடாது. படத்துக்கு நேர் பின்னால் அமிலமில்லாத பருத்திக்கூழ் அட்டை. படம் வரைகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். அதற்குப் பின்னால் சன்பேக் ஷீட். விளம்பரத் தட்டிக்கும் வீட்டு வாடகை போர்டுக்கும் கட்டுகிறார்களே, அதேதான். அது பாலிபுரொப்பிலீன், தண்ணீர் குடிக்காது, கரையானுக்கும் அதில் தீனி இல்லை. உலகத்து அருங்காட்சியகங்கள் பலவும் இதே வகை நெளிவு ஷீட்டை ஓவியங்களின் முதுகுக்குப் போடுகின்றன. நம் ஊரில் அது எல்லாப் பேரூராட்சியிலும் கிடைக்கிறது, ஆனால் பிரேம் கடைக்குள் மட்டும் இன்னும் நுழையவில்லை. ஸ்டிக்கர் ஒட்டாத, அச்சடிக்காத ஷீட்டாக வாங்குங்கள். எம்டிஎஃப்தான் வேண்டும் என்றால் அதற்கும் உள் அட்டைக்கும் நடுவில் அலுமினிய ஃபாயில் ஒரு சுற்று வையுங்கள்.

ஆணியைச் சுத்தியலால் அடித்தால் அதிர்வில் கண்ணாடி கீறும், துருவும் ஏறும். வளைத்துவிடுகிற தகட்டு முனைகள் வந்துவிட்டன, அவற்றைக் கேளுங்கள். கடைசியாக முதுகு முழுக்கப் பிரவுன் பேப்பர். லேசாக நனைத்து ஒட்டினால் காயும்போது பறைத்தோல் மாதிரி இழுத்துக்கொண்டு நிற்கும். பிறகு அதில் ஓட்டை விழுந்தால் உள்ளே பூச்சி போகிறது என்று அர்த்தம். செலோடேப் வேண்டாம். புத்தகம் கட்டுகிறவர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். பூச்சிக்கு அது நல்ல மருந்து, ஆனால் தாமிர உப்பு தாளை அரிக்கும், படத்துப் பக்கம் கொண்டுவராதீர்கள். அடிமூலை இரண்டிலும் இரண்டு தக்கைத் துண்டு ஒட்டிவிட்டால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவில் விரல் அளவு காற்றோட்டம் இருக்கும்.

இத்தனை சொன்ன பிறகும் ஒன்று பாக்கி இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியம்.

பரளச்சிப் பக்கம் ஒரு வீட்டில் ஐந்து பேர் இருக்கும் படம் ஒன்று உண்டு. மரநாற்காலியில் ஒரு பெரியவர், சுற்றி நான்கு இளைஞர்கள். கண்ணாடி உடைந்துபோனதால் டவுனில் ஒரு கடையில் புதுச் சட்டம் போட்டு வாங்கியிருக்கிறார்கள். பின்பக்கம் புத்தம் புதுப் பலகை.

“ஆத்தா, இடது ஓரத்துல நிக்கிறது யாரு?” என்று அந்த வீட்டு மூதாட்டியிடம் கேட்டேன்.

“பழைய அட்டையில பேரெல்லாம் வரிசையா எழுதியிருந்துச்சுய்யா. எங்க வீட்டுக்காரரு கைப்பட எழுதினது. கடைக்காரன் அதைத் தூக்கிப் போட்டுட்டான். மத்த நாலு பேரும் எனக்குத் தெரியும். அவரு யாருன்னு மட்டும் நெனப்பு வரல.”

படத்தில் அந்த முகம் தெளிவாகத்தான் இருக்கிறது. பெயர் மட்டும் போய்விட்டது.

பழைய பின்னட்டை குப்பை அல்ல. ஸ்டுடியோ முத்திரையில் ‘இராமநாதபுரம் ஜில்லா’ என்றிருந்தால், பெரும்பாலும் 1985 மார்ச் 15-ல் அந்த ஜில்லா பிரிவதற்கு முந்தைய படம் அது. ‘மதராஸ் ஸ்டேட்’ என்றிருந்தால் 1969-க்கு முன். ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்கு அப்புறம். ‘லை’, ‘னை’ எழுத்துகள் கொம்பு சுழித்த பழைய வடிவில் இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் செய்த முத்திரையாக இருக்கலாம். ஆனால் பழைய ரப்பர் ஸ்டாம்பைப் பல வருஷம் ஓட்டியவர்களும் உண்டு, அதனால் இதை மட்டும் நம்ப வேண்டாம். அட்டைக்கு முட்டுக்கொடுக்க உள்ளே மடித்து வைத்த செய்தித்தாளில் தேதியே அச்சாகி இருக்கும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி டிஜிட்டல் பிரதி எடுத்தார்கள். அந்த வேலையில் முகம் கிடைப்பது எளிது. யார், எந்த ஊர், எந்த வருஷம் என்பதற்குத்தான் திண்டாட்டம்.

ஆகவே சட்டத்தைக் கடைக்குக் கொடுக்குமுன் வீட்டிலேயே அதன் முதுகை போனில் படம் பிடித்து வையுங்கள். பழைய அட்டையைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். அதைப் படத்தோடு சேர்த்து வைக்கக்கூடாது, அமிலம் ஏறும். புதுப் பின்பலகையின் வெளிப்பக்கம் ஒரு காகிதக் கவர் ஒட்டச் சொல்லுங்கள். நல்ல தாள் ஒன்றில், இடமிருந்து வலமாக, நிற்கிறவர் யார், உட்கார்ந்திருக்கிறவர் யார், யாருக்கு யார் என்ன முறை, எந்த ஊர், எதற்காக எடுத்தது என்று எழுதி அந்தக் கவரில் போடுங்கள். பால்பாயிண்ட் பேனா கசியும், பென்சிலால் எழுதுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களை உட்கார வைத்துக் கேட்டு எழுதுங்கள். பெயர் தெரியாதவர் இருந்தால் அவர் நிற்கும் இடத்தைக் குறித்து, பெயருக்கு இடம் விட்டு வையுங்கள். பங்காளி வீட்டில் யாருக்காவது தெரிந்திருக்கும்.

அடுத்த வாரம்: கயிறும் கொக்கியும்.