சத்தம் நின்னா கனெக்ட் ஆயிடுச்சா?

இன்னைக்கு ஒரு பழைய கேள்வி. டயல்-அப் காலத்துல, நெட் உண்மையிலேயே கனெக்ட் ஆயிடுச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிட்டாங்க? பழசுதானேன்னு தள்ளிடாதீங்க. உங்க போன்ல "வைஃபை இருக்கு, இன்டர்நெட் இல்ல"ன்னு வருதே, அதுக்கான பதிலும் இதுலதான் இருக்கு.

முதல்ல எங்க வீட்டுக் கதை. 2003, தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு. அக்காவோட பிளஸ் டூ ரிசல்ட் நாள். பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட விண்டோஸ் 98 கம்ப்யூட்டரும் ஒரு மோடமும் இருந்துச்சு. ரிசல்ட் பக்கம் திறந்துச்சு. நம்பர் அடிச்சதும் 'பக்கத்தைக் காட்ட முடியவில்லை'ன்னு இங்கிலீஷ்ல வந்துச்சு. அக்கா அதை "என் நம்பர் லிஸ்ட்ல இல்ல"ன்னு புரிஞ்சுக்கிட்டு அழ ஆரம்பிச்சுட்டா.

அங்க என்ன நடந்துச்சுன்னு புரிய, டயல்-அப்போட படிகளைப் பார்ப்போம்.

முதல் படி, போன் லைன். டயல்-அப்னா மோடம் நமக்காகப் பண்ற ஒரு போன் கால்தான். பி.எஸ்.என்.எல். சஞ்சார்நெட் அக்கவுண்ட் வெச்சிருந்தவங்க 172233-க்கு டயல் பண்ணுவாங்க. அந்தப் பக்கமும் ஒரு மோடம் எடுக்கும். அப்புறம் வர்ற அந்தக் கீச், கர்ர் சத்தம் இருக்கே, அது ரெண்டு மோடமும் "இந்தச் செம்புக் கம்பி எவ்வளவு வேகம் தாங்கும்?"னு பேரம் பேசுறது. பேரம் படிஞ்சதும் ஸ்பீக்கர் அடங்கிடும். ஆக, சத்தம் நின்னா நல்ல செய்தி. ஆனா அது பாதிச் செய்திதான்.

ரெண்டாவது படி, யூசர் நேமும் பாஸ்வேர்டும். அது சரியா இருந்தா, நம்ம கம்ப்யூட்டருக்கு ஒரு ஐ.பி. முகவரி கிடைக்கும். பதில் கடுதாசி வந்து சேர வீட்டு நம்பர் வேணும்ல, அது மாதிரி. இப்போ கடிகாரத்துக்குப் பக்கத்துல ரெண்டு குட்டிக் கம்ப்யூட்டர் ஐகான் வரும். வேகமும் காட்டும். 56 கே மோடம்னு வாங்கினாலும் 40 சொச்சம்தான் வரும். அந்த வேகத்துல ஒரு எம்.பி. போட்டோ இறங்க 3 நிமிஷத்துக்கு மேல ஆகும். அந்த வேகமும் நம்ம மோடத்துக்கும் நெட் கம்பெனிக்கும் நடுவுல மட்டும்தான். அதுக்கு அப்பால பாதை திறந்திருக்கான்னு அந்த ஐகானுக்குத் தெரியாது.

மூணாவது படிதான் உண்மையான சோதனை. ஐகானை டபுள் கிளிக் பண்ணா, எத்தனை பைட் போச்சு, எத்தனை பைட் வந்துச்சுன்னு காட்டும். போறது ஏறிக்கிட்டே இருந்து, வர்றது நின்ன இடத்துலயே நின்னா, நாம கேட்டுக்கிட்டே இருக்கோம், யாரும் பதில் சொல்லலைன்னு அர்த்தம்.

இன்னும் உறுதியா தெரியணும்னா 'பிங்' கட்டளை. "இருக்கியா?"ன்னு கூப்பிட்டுப் பார்க்கிறது. ஐ.பி. நம்பரைக் கூப்பிட்டா பதில் வருது, தளத்தோட பேரைச் சொன்னா வரலையா? லைன் நல்லாத்தான் இருக்கு, பேரை நம்பரா மாத்திக் குடுக்கிற டி.என்.எஸ்.லதான் கோளாறு.

சரி, கனெக்‌ஷன்ல கோளாறுன்னா, ரிசல்ட் பக்கம் மட்டும் எப்படித் திறந்துச்சு? அண்ணன் முந்தின நாள் ராத்திரியே அதைத் திறந்து பார்த்திருக்காரு. பிரவுசர் அதோட நகலைக் கம்ப்யூட்டர்லயே சேத்து வெச்சிருந்துச்சு. திரையில வந்தது நேத்தைய பக்கம்! அதனால ஏற்கெனவே பார்த்த பக்கம் திறக்கிறதை நம்பக் கூடாது. இதுவரை திறக்காத பக்கத்தைத் திறந்து பார்க்கணும். அது திறந்து, நமக்கு வேண்டியது மட்டும் வரலைன்னா, அந்தத் தளத்துலதான் நெரிசல். ரெண்டுமே வரலைன்னா, கோளாறு நம்ம பக்கம்.

அண்ணன் ஐகானைத் திறந்து பார்த்தாரு. வர்ற பைட் அசையவே இல்ல. போன் மீட்டர் மட்டும் ஓடிக்கிட்டிருந்துச்சு. கட் பண்ணிட்டு மறுபடி டயல் பண்ணாரு. அக்கா பாஸ்!

இதே சோதனையை இப்போ உங்க போன் தானா பண்ணுது. வைஃபைல சேர்ந்ததும் ஆண்ட்ராய்டு போன் ஒரு கூகுள் சர்வருக்குச் சின்னக் கேள்வி அனுப்பும். எதிர்பார்க்கிறது '204'ங்கிற வெத்துப் பதில். அது வந்தா நெட் இருக்கு. அதுக்குப் பதிலா வேற பக்கம் வந்தா, ரயில்வே ஸ்டேஷன் வைஃபை மாதிரி லாகின் கேட்குதுன்னு புரிஞ்சுக்கும். எதுவுமே வரலைன்னா, "இன்டர்நெட் இல்ல". வைஃபை சின்னம் முழுசா இருக்கிறது ரவுட்டர் வரைக்கும் சிக்னல் இருக்குன்னு மட்டும்தான் சொல்லுது.

அதனால ரிசல்ட் பக்கம் வரலைன்னா பயப்படாதீங்க. யு.பி.ஐ. பாதியில சுத்திக்கிட்டு நின்னா, உடனே இன்னொரு தடவை பணம் போடாதீங்க. அக்கவுண்ட்ல பணம் போயிருக்கான்னு பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. "பதில் வரல"ங்கிறதும் "இல்லைன்னு பதில் வந்துச்சு"ங்கிறதும் வேற வேற. எங்க அக்கா அன்னைக்கு அழுதது அந்த வித்தியாசம் தெரியாமத்தான்.