ஈ.சி.ஜி.யில் தெரியாத நோவு

ஈ.சி.ஜி. நார்மல், எக்கோவும் நார்மல். "ஒண்ணுமில்ல ஆச்சி, நிம்மதியா தூங்குங்க" என்று டாக்டர் அனுப்பிவிடுகிறார். ராத்திரி 2 மணிக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ள, உள்ளங்கை வேர்க்க, முகப்புக்கும் அடுப்படிக்கும் நடந்தே பொழுதை விடியவைத்தவருக்கு அந்த 'ஒண்ணுமில்ல' எப்படி இருக்கும்? காரைக்குடிப் பக்கம் இப்படிப் பல வீடுகள். முப்பது இலை விழுந்த வளவில் இப்போது இரண்டு தட்டு, பிள்ளை சிங்கப்பூரில்.

பர்மாவுக்கும் மலேயாவுக்கும் தொழில் செய்யக் கொண்டுவிக்கப் போனவர்கள் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வீடு திரும்பிய சீமை இது. பிரிவைப் பல்லைக் கடித்துத் தாங்குவதையே பெருமையாக்கிக்கொண்டோம். அந்தப் பெருமைதான் பலரை டாக்டரிடம் வாய் திறக்கவிடுவதில்லை என்று எனக்குப் படுகிறது.

உடம்பு சொல்லும் சேதி

இதயத்தில் கோளாறில்லாத அந்தப் படபடப்பு மனசின் பதற்றமாகவோ சோர்வாகவோ இருக்கலாம். மனச்சோர்வு அழுகையாகத்தான் வரும் என்பதில்லை. அசதி, தலைபாரம், பசியின்மை, விடியற்காலையிலேயே விழிப்பு, எதிலும் பிடிப்பில்லாமை எனவும் வரும். இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து அன்றாட வேலையைக் கெடுத்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தைராய்டு கோளாறும் பி12 குறைவும் இதே வேஷம் போடும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம்.

யாராவது பார்த்துட்டா?

பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில், 2001 ஆகஸ்ட் 6 அன்று, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். மனநோய் என்றதும் நம் கண்ணில் சங்கிலி தெரிவதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி இருபது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது மனச்சோர்வு வந்திருக்கிறது. பெரும்பாலோர் வேலைக்கும் கல்யாணத்துக்கும் போய்வந்துகொண்டு நம்மிடையேதான் இருக்கிறார்கள்.

ஊரில் தெரிந்தவர் கண்ணில் படத் தயங்குகிறவர்கள் மதுரைக்கோ திருச்சிக்கோ பஸ் ஏறுகிறார்கள். அதற்கு முன் 14416-ஐக் கூப்பிட்டுப் பார்க்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. எந்த நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு.

உள்ளே என்ன நடக்கும்?

உளவியலாளர் அறையில் முக்கால் மணி நேரம் பேச்சு. புத்திமதி சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கிறது. இங்கே கேள்விகள்தான் அதிகம். "பிள்ளை போன் எடுக்கலைன்னா என்ன நினைப்பீங்க?" "ஏதோ ஆகிப்போச்சுன்னு." "மணி என்ன அப்போ?" இங்கே இரவு 9 என்றால் சிங்கப்பூரில் 11.30. அவன் தூங்கியிருப்பான். சொல்லும்போது சிரிப்பு வருகிறது, ஆனால் படபடப்பு கிளம்பும் இடத்தை ஆச்சியே தொட்டுவிட்டார்.

வீட்டுப்பாடமும் உண்டு. காலையில் 10 நிமிஷம் திண்ணையில் உட்கார வேண்டும், உட்காரும் முன்னும் பின்னும் மனசுக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று குறிக்க வேண்டும். பிடிப்பு வந்தபின் செய்யலாம் என்று காத்திருந்தால் அது வராது. செய்யச் செய்யத்தான் வரும். பொதுவாக வாரம் ஒருமுறையாகச் சில மாதங்கள் ஆகும். மாத்திரை எழுதுபவர் மனநல மருத்துவர், இந்தப் பேச்சுச் சிகிச்சையைப் பெரும்பாலும் தருபவர் மருத்துவ உளவியலாளர். பின்னவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள், தப்பில்லை.

மாத்திரை பழகிடுமா?

மெடிக்கல் ஷாப்பில் சொந்தமாக வாங்கிப் போடும் அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைதான் பழக்கமாகிப் பிடித்துக்கொள்ளும். மனச்சோர்வு மாத்திரை அந்த வகையல்ல. அது வேலைசெய்யச் சில வாரங்கள் ஆகும் என்பதால் பத்தாம் நாளே "ஒண்ணும் கேக்கல" என்று விட்டுவிடக் கூடாது. குணமானதும் சட்டென நிறுத்தவும் கூடாது. பொதுவாக இன்னும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள்.

வாழ்ந்தது போதும் என்ற எண்ணம் வந்தால் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள், அல்லது 14416-ஐ அழையுங்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். போலீஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்க வேண்டியதில்லை.

முதல் நாள் போகும்போது பழைய சீட்டுகள், இப்போது சாப்பிடும் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டு எடுத்துப்போங்கள். அந்த நார்மல் ஈ.சி.ஜி.யையும்தான்; மறுபடி எடுக்கிற செலவு மிச்சமாகலாம்.