அமிலம் கட்டிய சுவர்

நுழையும்முன்

அமிலம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் அரிப்பும் எரிவும் புண்ணுமே நினைவுக்கு வருகின்றன. ஆயினும் காலையில் உண்ணும் இட்லியின் மாவிலும், நண்பகல் குழம்பின் புளியிலும், உண்ட உணவைச் செரிக்கச் செய்யும் இரைப்பையிலும் அமிலமே தொழிற்படுகிறது. புதுச்சேரி நகரின் பழஞ்சுவர்களைக் கல்லாக இறுகச் செய்ததும் ஓர் அமிலமே. ஆக்கலும் அழித்தலும் ஒரே பொருளின் இயல்பாவது எங்ஙனம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வங்கக் கடலோரத்தில் அமைந்த புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் 1674 ஆம் ஆண்டில் காலூன்றினர். காலப்போக்கில் கடற்கரையை ஒட்டிய பகுதியில் உயர்ந்த தூண்களும் அகன்ற சாளரங்களும் கொண்ட பிரெஞ்சுப் பாணி மாளிகைகள் எழுந்தன. வாய்க்காலுக்கு மேற்கே திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் அமைந்த தமிழர் வீடுகள் எழுந்தன. தோற்றத்தால் வேறுபட்ட இவ்விரு வகைக் கட்டடங்களையும் ஒரு பொருள் ஒன்றுபடுத்தியது. அதுவே சுண்ணாம்பு. செங்கற்களைப் பிணைத்த சாந்தும், சுவரைப் போர்த்திய காரையும், பொங்கலுக்கு முன் அடித்த வெள்ளையும் சுண்ணாம்பினால் ஆனவை. நகருக்குத் தெற்கே கடலோடு கலக்கும் ஆறு ஒன்றும் சுண்ணாம்பாறு என்னும் பெயரைத் தாங்கியுள்ளது.

சுண்ணாம்பு காரத்தன்மை உடையது. காரம் அமிலத்தின் மறுதலை. பகைவனைக் கொண்டு ஒருவனது வலிமையை அறிவதுபோல, சுண்ணாம்பைக் கொண்டு அமிலத்தின் இயல்பை அறியலாம்.

புளிப்பால் அமைந்த பெயர்

அமிலம் என்னும் சொல், புளிப்பைக் குறிக்கும் வடசொல்லின் வழியே அமைந்தது. ஐரோப்பிய மொழிகளில் அமிலத்தைக் குறிக்கும் சொல்லும் புளிப்பு என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்தே பிறந்தது. மக்கள் அமிலத்தை முதலில் நாவினால்தான் அறிந்தனர்.

புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் 1945 ஆம் ஆண்டில் அகழாய்வு நடத்தினார். மத்திய தரைக்கடல் நாடுகளிலிருந்து திராட்சை மது வந்திறங்கிய இருகைப்பிடிச் சாடிகளின் உடைந்த பகுதிகள் அங்குக் கிடைத்தன. அத்தகைய மதுவைக் காற்றுப்படத் திறந்து வைத்தால் அது நாளடைவில் புளித்துவிடும். நுண்ணுயிர்கள் மதுவிலுள்ள ஆல்ககாலை அசிட்டிக் அமிலமாக மாற்றுவதே இதற்குக் காரணம். வினிகர் என்னும் சொல்லும் 'புளித்த மது' என்னும் பொருள் தரும் பிரெஞ்சுச் சொற்களிலிருந்து தோன்றியதேயாகும்.

புளிப்புக்குக் காரணம் எது என்னும் வினாவிற்கு விடை காண அறிவியல் நெடுங்காலம் முயன்றது. 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு அறிவியலறிஞர் லவாய்சியர், எல்லா அமிலங்களிலும் ஆக்சிஜன் உண்டு எனக் கருதினார். ஆக்சிஜன் என்னும் பெயருக்கே 'அமிலத்தை உண்டாக்குவது' என்பதுதான் பொருள். ஆனால், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் இல்லை என்பதை ஹம்ப்ரி டேவி 1810 ஆம் ஆண்டளவில் தெளிவுபடுத்தினார். பிழையான கருத்தின் அடையாளமாக அப்பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. பின்னர் 1880-களில் சுவீடன் நாட்டு அர்ரீனியஸ், நீரில் கரையும்போது ஹைட்ரஜன் அயனிகளைத் தருவதே அமிலம் என்னும் விளக்கத்திற்கு அடித்தளமிட்டார். 1923 ஆம் ஆண்டில் பிரான்ஸ்டெட், லௌரி ஆகிய இருவரும் தனித்தனியே ஆராய்ந்து, புரோட்டானை வழங்குவது அமிலம், அதனை ஏற்பது காரம் என வரையறுத்தனர்.

வலிமையும் அளவும்

எல்லா அமிலங்களும் ஒரே வலிமை உடையன அல்ல. ஹைட்ரோகுளோரிக் அமிலமும் நைட்ரிக் அமிலமும் நீரில் ஏறத்தாழ முழுமையாக அயனிகளாகப் பிரிகின்றன. எனவே அவை வலிமை மிகு அமிலங்கள். புளியிலுள்ள டார்டாரிக் அமிலமும், எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலமும், தயிரிலுள்ள லாக்டிக் அமிலமும் சிறிதளவே பிரிகின்றன. ஆகவே அவை வலிமை குறைந்தவை.

ஒரு கரைசலின் அமிலத்தன்மையை எண்ணால் குறிக்கும் பி.எச். அளவுகோலை டென்மார்க் நாட்டின் சோரன்சென் 1909 ஆம் ஆண்டில் அமைத்தார். இதில் 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே அமிலமும் மேலே காரமும் அமைகின்றன. எண் ஒன்று குறைந்தால் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு பத்து மடங்கு கூடுகிறது. எலுமிச்சைச் சாற்றின் பி.எச். ஏறத்தாழ 2, தெளிந்த சுண்ணாம்பு நீரின் பி.எச். 12-க்கும் மேல்.

பித்தளைக் குடத்தைப் புளி கொண்டு துலக்கினால் அது பளபளக்கிறது. உலோகத்தின்மேல் படிந்த ஆக்சைடு படலத்தை டார்டாரிக் அமிலம் கரைப்பதே காரணம். அதே புளிக்குழம்பைப் பித்தளைப் பாத்திரத்தில் நெடுநேரம் வைத்திருந்தால் உலோகமும் கரைந்து உணவில் கலந்துவிடும். இதனாலேயே முன்னோர் பாத்திரத்தின் உட்புறம் ஈயம் பூசினர். ஊறுகாயைப் பீங்கான் சாடியில் இட்டு வைத்தனர். வேதியியல் பெயர்களை அறியாதபோதும், அமிலத்தை எங்கு, எவ்வளவு நேரம் வைக்கலாம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

வலிமை மிகு அமிலமோ இத்தகைய பிழையைப் பொறுப்பதில்லை. நொடிப்பொழுதில் தோலையும் கண்ணையும் சிதைத்துவிடும். அதனை மனிதர்மீது வீசும் கொடுமை பெருகியதால், உச்ச நீதிமன்றம் 2013 ஆம் ஆண்டில் அமிலத்தின் சில்லறை விற்பனைக்குக் கட்டுப்பாடுகள் விதித்தது. அமில வீச்சைத் தனிக் குற்றமாக்கும் சட்டத்திருத்தமும் அதே ஆண்டில் நடைமுறைக்கு வந்தது.

தெரிந்து தெளிவோம்

மணமக்களுக்குச் சுற்றும் ஆரத்தி நீரில் செந்நிறச் சாயம் எதுவும் கலக்கப்படுவதில்லை. மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பு சேர்த்ததும் அது செந்நிறமாகிறது. மஞ்சளிலுள்ள குர்குமின் காரத்தில் நிறம் மாறுவதே காரணம். அந்நீரில் எலுமிச்சைச் சாற்றைப் போதிய அளவு பிழிந்தால் மீண்டும் மஞ்சள் நிறம் தோன்றும். ஆய்வகத்திற்கு வெளியே மக்கள் கையாளும் நிறங்காட்டி இது.

கல் நீறாகி மீண்டும் கல்லாதல்

கடற்கரைப் பகுதிகளில் கிளிஞ்சல்களைச் சுட்டுச் சுண்ணாம்பு செய்வது தொன்றுதொட்டு வரும் வழக்கம். கிளிஞ்சலும் சுண்ணாம்புக் கல்லும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. காளவாயில் ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடும்போது அவற்றிலிருந்து கார்பன் டைஆக்சைடு வெளியேறுகிறது. எஞ்சுவது கால்சியம் ஆக்சைடு என்னும் சுட்ட சுண்ணாம்பு. அதன்மீது நீர் ஊற்றினால் பெருவெப்பத்துடன் கொதித்துப் பொங்கி, நீற்றிய சுண்ணாம்பாகிய கால்சியம் ஹைட்ராக்சைடு ஆகிறது.

இந்த மென்மையான களியைக் கொத்தனார் சுவரில் பூசுகிறார். ஈரம் உலர்வதனால் மட்டும் அது கல்லாவதில்லை. காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு சுவரின் ஈரத்தில் கரைந்து கார்பானிக் அமிலமாகிறது. சோடா நீரில் நாவைச் சுருக்கென்று தீண்டும் அமிலமும் இதுவே. அமிலமும் காரமும் இணைந்து உப்பும் நீரும் உண்டாவது நடுநிலையாக்கல். இங்குக் கார்பானிக் அமிலமும் கால்சியம் ஹைட்ராக்சைடும் இணைய, கால்சியம் கார்பனேட்டும் நீரும் உண்டாகின்றன. காளவாயில் இழந்ததைக் காற்றிலிருந்து திரும்பப் பெற்று, சுண்ணாம்பு மீண்டும் கல்லாகிறது. இம்மாற்றம் மேற்பரப்பில் தொடங்கி உள்நோக்கி மெல்லச் செல்லும். தடித்த சுவரில் அது நிறைவுறப் பல ஆண்டுகள் ஆகும். புதுச்சேரியின் பழஞ்சுவர் ஒவ்வொன்றும் வலிமை குன்றிய ஓர் அமிலம் பொறுமையுடன் கட்டிய கல்லாகும்.

தமிழகக் கொத்தனார்கள் சாந்தில் கடுக்காய் ஊறலையும் வெல்லத்தையும் சேர்த்தனர். கடுக்காயில் டானின் வகைச் சேர்மங்கள் மிகுந்துள்ளன. வெல்லம் சேர்ந்த ஊறல் நாட்கணக்கில் நொதிக்கும்போது கரிம அமிலங்களும் கார்பன் டைஆக்சைடும் உண்டாகின்றன. இவை சுண்ணாம்போடு வினைபுரிந்து சாந்தின் பிணைப்புக்குத் துணைசெய்கின்றன. இட்லி மாவைப் புளிக்க வைக்கும் சமையலறை அறிவும் சாந்தைப் புளிக்க வைக்கும் கட்டடக்கலை அறிவும் ஒன்றற்கொன்று தொலைவில் உள்ளவை அல்ல.

கட்டிய அமிலமே கரைத்தல்

சுண்ணாம்பைக் கல்லாக்கிய அமிலம் அளவு மிகும்போது அக்கல்லையே கரைக்கத் தொடங்குகிறது. கார்பன் டைஆக்சைடு மிகுதியாகக் கரைந்த நீர், கால்சியம் கார்பனேட்டை நீரில் கரையும் பைகார்பனேட்டாக மாற்றுகிறது. மலைகளில் சுண்ணாம்புக் குகைகள் தோன்றுவது இவ்வாறே. தூய மழைநீரும் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடைக் கரைத்துக்கொள்வதால் அதன் பி.எச். ஏறத்தாழ 5.6 ஆக அமைகிறது. ஆகவே, இயல்பான மழையும் சிறிது புளிப்புடையதே.

ஊர்திகளும் ஆலைகளும் வெளியிடும் கந்தக டைஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் காற்றின் ஈரத்தோடு கலந்து கந்தக அமிலமும் நைட்ரிக் அமிலமும் ஆகின்றன. இவை வலிமை மிகு அமிலங்கள். கந்தக அமிலம் சுண்ணாம்புப் பூச்சை ஜிப்சமாக மாற்றுகிறது. ஜிப்சப் படலம் நாளடைவில் உரிந்து விழுகிறது. பளிங்குக் கல்லும் கால்சியம் கார்பனேட்டே. ஆதலால் தாஜ்மகாலைச் சூழ்ந்த பகுதியிலுள்ள ஆலைகளில் நிலக்கரி எரிப்பதை உச்ச நீதிமன்றம் 1996 ஆம் ஆண்டில் தடைசெய்தது.

சுவரைக் காக்கும் வழியொன்றை மக்கள் முன்பே கண்டிருந்தனர். பொங்கலுக்கு முன் அடித்த வெள்ளை அழகுக்கு மட்டும் உரியதன்று. புதிதாக அடித்த சுண்ணாம்பு காற்றோடு வினைபுரிந்து மெல்லிய கற்போர்வையாகிறது. அடுத்த மழையின் அமிலம் முதலில் அப்போர்வையையே தாக்கும். அடியிலுள்ள காரை தப்பும். தேய்ந்த போர்வைக்கு மாற்றாக மறு ஆண்டு புதியது பூசப்படும். அவ்வழக்கம் கைவிடப்படும்போது சுவர் காப்பை இழக்கிறது. புதுச்சேரிக் கடற்கரையில் 19 ஆம் நூற்றாண்டில் எழுந்த மேரி என்னும் நகராட்சி மாளிகை, 2014 ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கனமழையில் இடிந்து விழுந்தது. அதனை அமிலத்தின் செயல் எனல் பொருந்தாது. ஆயினும் பேணப்படாத முதுசுவரை மழைநீர் என்ன செய்யும் என்பதை அந்நிகழ்ச்சி நகரத்திற்கு உணர்த்தியது. அம்மாளிகை பின்னர்ப் பழைய தோற்றத்திலேயே எழுப்பப்பட்டது.

ஓர் அமிலம், இரு சுவர்கள்

இன்றைய வீடுகள் சிமெண்டாலும் இரும்புக் கம்பியாலும் கட்டப்படுகின்றன. புதிய கான்கிரீட்டின் பி.எச். 12-க்கும் மேல். அக்காரச் சூழலில் கம்பியின்மேல் மெல்லிய காப்புப் படலம் தோன்றித் துருவைத் தடுக்கிறது. இங்கும் காற்றின் கார்பன் டைஆக்சைடு உட்புகுந்து காரத்தை நடுநிலையாக்குகிறது. பி.எச். ஏறத்தாழ 9 ஆகக் குறையும்போது கம்பியின் காப்பு அழிகிறது. ஈரமும் ஆக்சிஜனும் சேரக் கம்பி துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைவிட மிகுந்த இடத்தை அடைப்பதால் கான்கிரீட் வெடிக்கிறது. கடற்காற்றின் உப்பு இதனை விரைவுபடுத்துகிறது. கம்பியில்லாச் சுண்ணாம்புச் சுவரை உறுதியாக்கிய அதே அமிலம், கம்பி வைத்த சுவரை உள்ளிருந்து உடைக்கிறது. அமிலம் மாறவில்லை, அது சென்று சேர்ந்த இடமே மாறியது.

புகுந்த ஆழத்தைப் பொறியாளர்கள் பினாப்தலீன் கொண்டு அறிகின்றனர். புதிதாக உடைத்த பரப்பில் அதனைத் தெளித்தால், காரம் எஞ்சிய பகுதி இளஞ்சிவப்பாகும். நடுநிலையான பகுதி நிறமற்றிருக்கும். ஆரத்தித் தட்டின் மஞ்சள் செய்யும் வேலையையே இங்குப் பினாப்தலீன் செய்கிறது.

கடலும் கிளிஞ்சலும்

மாந்தர் வெளியிடும் கார்பன் டைஆக்சைடில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் ஏற்றுக்கொள்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் ஏறத்தாழ 8.2 ஆக இருந்த கடல்மேற்பரப்பின் பி.எச்., இன்று 8.1 அளவுக்குக் குறைந்துள்ளது. கடல்நீர் இன்னும் காரத்தன்மை உடையதே. ஆயினும் இச்சிறு மாற்றம் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு கால் பங்குக்கும் மேல் கூடியதைக் குறிக்கிறது. ஓடு கட்டத் தேவைப்படும் கார்பனேட் அயனிகள் கடல்நீரில் குறைவதால் சிப்பிகளும் பவளங்களும் இடர்ப்படுகின்றன. அன்று காளவாய்க்குச் சென்ற கிளிஞ்சலைப் படைத்த உயிர்கள் இன்று தம் வீட்டைக் கட்டிக்கொள்ளவே கூடுதலாக உழைக்க வேண்டியுள்ளது.

அமிலம் நன்றென்றோ தீதென்றோ ஒரு சொல்லில் முடிவுசெய்ய இயலாது. அதன் வலிமை, அளவு, சேரும் இடம் ஆகிய மூன்றுமே பயனை முடிவுசெய்கின்றன. தரையின் கறையைப் போக்க வலிமை மிகு அமிலத்தை ஊற்றுவோர் பளிங்குத் தரையின் மெருகையும் சேர்த்தே இழக்கின்றனர். சுண்ணாம்பையும் காற்றையும் கொண்டு கல் செய்த கொத்தனாரோ, அமிலத்திற்கு வேண்டிய காலத்தைக் கொடுத்து அதனைத் தம் துணையாக்கிக் கொண்டார். அவர் பூசிய சுவர்கள் புதுச்சேரித் தெருக்களில் இன்றும் நிற்கின்றன. அவற்றுள் பலவற்றின் தேவை, ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பூச்சு வெள்ளையே.